ஆளுயரப் பெண்டுலக் கடிகாரத்தைப் பழைய மாதிரியில் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்த ஆளுயரக் கடிகாரங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைத் தானும் செய்ய ஆசைப்படுபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஓரளவு தச்சு வேலை தெரிந்தவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன். கடிகார வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது? முதலில் மரம் வாங்கிவிடட்டுமா?

வேண்டாம். முதலில் மெஷின், அதாவது பெட்டிக்குள் உட்காரும் கடிகார இயந்திரம். அதோடு டயல், பெண்டுலம், எடைக்குண்டுகள் எல்லாம் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பென்சிலையே எடுக்க வேண்டும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெட்டியின் எந்த அளவைக் கேட்டாலும் பதில் மெஷினில்தான் இருக்கிறது. டயலை மூடியிருக்கும் மேல்கூட்டுக் கதவின் திறப்பு எவ்வளவு என்பதை டயல் சொல்லும். நடுப்பகுதியின் உள் அகலத்தைப் பெண்டுலம் வீசும் தூரம் சொல்லும். ஆழம் எவ்வளவு வேண்டும் என்பது, முன்னால் தொங்கும் குண்டுகள் பின்னால் ஆடும் பெண்டுலத்தில் உரசாமல் இறங்க எவ்வளவு இடம் தேவை என்பதைப் பொறுத்தது. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் அளவை நம்பிப் பெட்டியை முடித்துவிட்டு, வந்து சேர்ந்த டயல் கால் அங்குலம் பெரிதாக இருந்தால் மேல்கூடு மொத்தமும் வீண்.

அந்தக் காலத்திலும் வேலை இந்த வரிசையில்தான் நடந்தது. மெஷின் செய்தவர் வேறு, பெட்டி செய்தவர் வேறு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஈலை டெரி என்ற கடிகாரக்காரர் 1806 வாக்கில் 4,000 மரச்சக்கர மெஷின்கள் செய்து கொடுக்க ஒப்பந்தம் போட்டார். அந்த மாதிரி மெஷின்கள் பெட்டி இல்லாமலேதான் விற்பனைக்குப் போயின. வாங்கியவர்கள் தங்கள் ஊர்த் தச்சரிடம் கொடுத்துப் பெட்டி செய்துகொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் மெஷினை அப்படியே சுவரில் மாட்டி ஓட்டினார்கள்.

பெட்டி ஏன் அவ்வளவு உயரம்? கொஞ்சம் குறைத்துச் செய்யலாமா?

உயரம் அழகுக்காக வந்ததில்லை. இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் பெண்டுலம். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-இல் பெண்டுலக் கடிகாரத்தை உருவாக்கினார். அப்போதிருந்த பழைய வகை எஸ்கேப்மென்ட்டில் (சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும் அமைப்பு) பெண்டுலம் மிக அகலமாக வீச வேண்டியிருந்ததால் குட்டைப் பெண்டுலம்தான் வசதிப்பட்டது. 1670 வாக்கில் லண்டனில் நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் வந்தது. அதில் சில டிகிரி ஆடினாலே போதும் என்பதால் நீளமான பெண்டுலத்தை ஒடுக்கமான பெட்டிக்குள் விட முடிந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக சரியாக ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்தின் நீளம் சுமார் 994 மில்லிமீட்டர். இது புவியீர்ப்பு வைத்த கணக்கு, நாம் பேரம் பேச முடியாது.

இரண்டாவது காரணம் குண்டு இறங்கும் தூரம். எட்டு நாள் ஓடும் ஆங்கிலேய மெஷினில் வழக்கமான கணக்கு இது: பெரிய சக்கரத்துக்கு 96 பல், அது ஓட்டும் சின்னச் சக்கரத்துக்கு 8 பல். சின்னச் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று. ஆக, கயிறு சுற்றிய உருளை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது, எட்டு நாளில் 16 சுற்று. உருளை 5 சென்டிமீட்டர் விட்டம் என்றால் சுமார் இரண்டரை மீட்டர் கயிறு அவிழும். குண்டு கப்பியில் தொங்குவதால் அதில் பாதி, அதாவது ஒன்றேகால் மீட்டருக்குக் குண்டு இறங்கும். அதற்கு மேல் மெஷின், டயல், மேல்கூட்டின் அலங்காரம். கூட்டிப் பாருங்கள், ஆறு அடிக்குக் குறையாது.

கூரை தாழ்வாக இருந்தால் தட்டைத் தலை கொண்ட மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் கை வைக்காதீர்கள்.

அகலத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

பெண்டுலம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 3 டிகிரி வீசுகிறது என்று வையுங்கள். பெண்டுலத்தின் அடியில் இருக்கும் கனமான வட்டின் நடுப்புள்ளி ஒவ்வொரு பக்கமும் 52 மில்லிமீட்டர் நகரும். வட்டு 11 சென்டிமீட்டர் என்றால் வெறும் வீச்சுக்கே 21 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். பெட்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் இடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விடுங்கள். காகிதத்தில் போட்ட கணக்கோடு நிற்க வேண்டாம். மெஷினை ஒரு மரச்சட்டத்தில் ஏற்றி, குண்டும் பெண்டுலமும் மாட்டி, ஒரு வாரம் வெளியிலேயே ஓட விடுங்கள். எது எங்கே எவ்வளவு இடம் கேட்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மெஷினில் கோளாறு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

எந்தக் காலத்து மாதிரியைப் பின்பற்றுவது?

மனதுக்குப் பிடித்ததைத்தான். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அதிலேயே நில்லுங்கள். 1690-களின் வால்நட் வெனீர் பெட்டியில் 1780-களின் வண்ணம் தீட்டிய டயலை வைத்தால், விவரம் தெரியாதவர் கண்ணுக்கும் ஏதோ ஒட்டாமல் தெரியும்.

மோட்டாவாகச் சொன்னால், லண்டனில் ஆரம்ப காலப் பெட்டிகள் ஒல்லியானவை. டயல் 10 அங்குலச் சதுரம். லண்டன் கடிகாரக்காரர் தாமஸ் டாம்பியன் காலத்து வேலை இது. நடுக்கதவில் பெண்டுல வட்டு தெரியும்படி ஒரு வட்டக் கண்ணாடி வைப்பதும் உண்டு. 1700 வாக்கில் டயல் 12 அங்குலமானது, கொஞ்ச காலத்தில் அதன் தலையில் வில் வளைவும் சேர்ந்தது. வால்நட் போய் மகோகனி வந்தது 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். லண்டனுக்கு வெளியே ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் ஓக் மரம், எளிய வேலை, பல கடிகாரங்கள் தினமும் கயிறு இழுக்க வேண்டிய 30 மணி நேர வகை.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் டவுன்சென்ட், கொடார்ட் குடும்பங்கள் கதவில் சிப்பி செதுக்கிச் செய்த பெட்டிகள் மரவேலையின் உச்சம். அந்தச் சிப்பியை முதல் வேலையாக எடுத்துவிடாதீர்கள். மாசசூசெட்ஸில் சைமன் வில்லார்ட் கடிகாரங்களின் பெட்டிகள் வேறு அழகு: ஒடுக்கமான உடல், மேலே துளை வேலைப்பாடு, மூன்று பித்தளைக் கலசங்கள்.

என் யோசனை, முதல் கடிகாரத்துக்கு ஊர்ப்புற ஓக் மாதிரிதான் நல்லது. நேர்கோடுகள், தட்டைத் தலை, செதுக்கு வேலை கிடையாது. ஒளித்துவைக்க எந்த அலங்காரமும் இல்லாததால் விகிதம் சரியாக இருந்தால்தான் அது அழகாகத் தெரியும். அந்த விகிதத்தைக் கை பழகிக்கொள்வதுதான் முக்கியம்.

அசலின் அளவை எங்கே எடுப்பது?

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் மியூசியம், 2015 முதல் சயன்ஸ் மியூசியத்துக்குள் இருக்கும் கடிகாரக்காரர்கள் அருங்காட்சியகம், நியூயார்க்கில் மெட்ரோபாலிடன், டெலவேரில் விண்டர்தர் ஆகியவற்றில் நல்ல கடிகாரங்கள் இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் மொத்த உயரம், அகலம், ஆழமும் நேர்முகப் படமும் பெரும்பாலும் கிடைக்கும். அந்த மூன்று அளவையும் வைத்துப் படத்திலிருந்து மற்ற விகிதங்களைக் கணக்கிடலாம். நேரில் போனால் முடிந்தவரை தள்ளி நின்று ஜூம் செய்து படம் எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நடுப்பகுதி பருத்தும் மேலும் கீழும் சுருங்கியும் தெரியும், அதில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பிறகு ஒரு முழுப் பிளைவுட் பலகையில் நிஜ அளவிலேயே வரையுங்கள். முன் தோற்றம், பக்கவாட்டு வெட்டு இரண்டும் வேண்டும். வெட்டும்போது டேப்பை நீட்டாமல், அளவைப் பலகையிலிருந்து நேராக மரத்துக்கு மாற்றுங்கள். கூட்டல் கழித்தல் பிழையே வராது.

பழைய மெஷின் வாங்குவதா, புதியதா?

இரண்டும் சரிதான், பலன் வேறு. புதியது என்றால் ஜெர்மனியின் ஹெர்ம்லே, கீனிங்கர் இரண்டும் பெயர் பெற்றவை. ஓட்டம் நம்பகமானது, அளவுத் தாள் கிடைக்கும், உதிரி கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கம்பிகளில் அடித்துக் கால் மணிக்கொரு ராகம் பாடும். 18-ஆம் நூற்றாண்டின் சாதாரண வீட்டுக் கடிகாரம் ஒற்றை வெண்கல மணியில் மணிக் கணக்கை மட்டும் அடித்தது. காதில் விழும் ஒலியும் அசல் மாதிரி இருக்க வேண்டும் என்பவர்கள் மணி அடிக்கும் மெஷினாகத் தேட வேண்டும்.

பழைய மெஷின்கள் பெட்டி தொலைந்துபோன நிலையில் தனியாக விற்பனைக்கு வருவது உண்டு. அப்படி அநாதையான ஒன்றுக்குப் புதுப் பெட்டி செய்து கொடுப்பது நல்ல காரியம். ஆனால் நல்ல பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கடிகாரத்தைப் பிரித்து மெஷினை எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். பிரித்ததை இன்னொருவர் திரும்பச் சேர்க்கவே முடியாது.

மெஷினையும் நானே செய்ய முடியாதா?

முடியும். லேத்தும் பல் வெட்டும் கருவியும் வேண்டும். அது தனிக் கலை, இங்கே அடங்காது.

எந்த மரம்? அசல் கியூபா மகோகனி கிடைக்குமா?

அந்தக் காலத்துக் கியூபா மகோகனி சந்தையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மகோகனி இனங்கள் மூன்றும் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. தோட்டத்தில் வளர்த்த மகோகனி, ஆப்பிரிக்க மகோகனி, சபேலி மூன்றும் தோற்றத்தில் நெருங்கி வரும். வால்நட், செர்ரி, ஓக் மாதிரிகளுக்கு அந்தந்த மரமே கிடைக்கும்.

மரத்தின் பெயரைவிடக் காய்ச்சல் முக்கியம். கடிகாரம் நிற்கப்போகும் வீட்டிலேயே பலகைகளைச் சில வாரம் இடைக்கட்டை வைத்து அடுக்கி வையுங்கள். நடுக்கதவு நீளமானது, ஒல்லியானது. முறுக்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் பலகையில் அதைச் செய்தால் மூடவே மூடாது. அந்தக் கதவுக்கு இருப்பதிலேயே நேரான நார் ஓட்டமுள்ள பலகையை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியைக் கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

மரம் அகலவாக்கில் மூச்சு விடும், நீளவாக்கில் விடாது. ஒரு அடி அகலப் பலகை பருவம் மாறும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஆகவே குறுக்கு நாரில் எதையும் முழு நீளத்துக்கு ஒட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பும் மோல்டிங்கை முன் முனையில் மட்டும் ஒட்டி, பின் முனையை ஆணியில் விடுங்கள். பழைய பெட்டிகளில் பக்கப் பலகை பிளந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், பாதி நேரம் அங்கே குறுக்கே ஏதாவது அழுத்தமாக ஒட்டியிருக்கும்.

நடுப்பகுதியின் இரண்டு பக்கப் பலகைகளும் மேல்கூட்டுக்குள் நீண்டு போகும். அந்த நீட்சிகளின் தலையில்தான் மெஷின் உட்காரும் பலகை கிடக்கும். அவற்றை ஓர் அங்குலம் அதிகமாகவே விட்டு வையுங்கள். மேல்கூடு, கதவு, டயல் எல்லாம் முடிந்த பிறகு மெஷினை வைத்துப் பார்த்து, டயல் கதவுத் திறப்பின் நடுவில் சரியாக வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டயலின் ஓரத்தை உள்சட்டம் சுற்றிலும் சில மில்லிமீட்டர் மறைக்க வேண்டும். எங்கேயாவது இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் மொத்த வேலையும் அமெச்சூராகத் தோன்றும்.

மேல்கூடு முன்பக்கமாக உருவி எடுக்கும்படி இருக்கட்டும். மிகப் பழைய மாதிரிகளில் மேல்நோக்கித் தூக்குவார்கள். கூரை இடிக்குமா என்று பார்த்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

பின்பலகை தடிமனாக, ஒழுங்காக இருக்கட்டும். கடிகாரத்தைச் சுவரோடு பிடித்து நிறுத்தப்போவது அதுதான். பழையவர்கள் பின்பக்கத்தை வழவழப்பாக இழைக்கவில்லை, இழைப்புளித் தடம் அப்படியே இருக்கும். நீங்களும் விட்டுவிடலாம்.

அன்னக்கழுத்து மோல்டிங்கை எப்படிச் செய்வது?

மேல்கூட்டின் தலையில் அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து ஏறும் மோல்டிங் இது. பொறுமையாகச் செய்ய வேண்டும். முன்பக்க வளைவைப் பலகையில் வரைந்து அறுத்து, உளியாலும் வளைந்த சுரண்டியாலும் வடிவம் கொடுக்க வேண்டும். மூலையில் சிக்கல் வரும். முன்பக்க மோல்டிங் ஏறுமுகமாக வந்து மூலையைத் தொடுகிறது, பக்கத்து மோல்டிங் படுக்கையாகப் போகிறது. இரண்டுக்கும் ஒரே வெட்டு வடிவம் கொடுத்தால் மூலையில் சேராது. முன்பக்கத்தை முதலில் முடித்து, மூலையில் அறுத்து, அந்த அறுத்த முகத்தின் வடிவத்தைப் பக்கத்துத் துண்டில் வரைந்து அதன்படி இழையுங்கள்.

வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) அவசியமா? சாதாரண வெள்ளைப் பசை போதாதா?

இணைப்பு நிற்பதற்குப் போதும். ஆனால் வெனீர் வேலைக்கும் உள்கட்டைகளுக்கும் நான் வஜ்ஜிரத்தைத்தான் சொல்வேன். சுமார் 60 டிகிரி சூட்டில் வைத்துப் பூச வேண்டும், கொதிக்க விட்டால் பலம் போய்விடும். சூடும் ஈரமும் காட்டினால் இணைப்பு விட்டுக்கொடுக்கும் என்பதால், நூறு வருஷம் கழித்துப் பழுது பார்ப்பவர் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். பழைய கடிகாரங்கள் இன்றும் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பாலிஷ்?

அரக்கு. பிரெஞ்ச் பாலிஷ் முறை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அதற்கு முந்தைய மாதிரி என்றால் கண்ணாடிபோல் பளபளக்க விடாமல் மெல்லிய அரக்குப் பூச்சு, அதன்மேல் மெழுகு. பாலியூரித்தேன் வேண்டவே வேண்டாம்.

நிலவு காட்டும் டயல் எப்படி வேலை செய்கிறது?

வில் வளைவுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு, அதில் இரண்டு நிலவுகள், விளிம்பில் 118 பல். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பல் நகரும். முழுச் சுற்றுக்கு 59 நாள், நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். நிஜச் சந்திர மாதம் 29.53 நாள் என்பதால் இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனால்தான் ஒரு நாள் பிசகும். விரலால் ஒரு நாள் தள்ளிவிட்டால் சரி.

மணி தப்பாக அடிக்கிறதே?

எந்த வகை என்று பாருங்கள். விளிம்பில் வெட்டுகள் போட்ட எண்ணிக்கைச் சக்கரம் இருந்தால், அது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்துக்கொண்டே போகும். முள்ளைக் கையால் திருப்பினால் பிசகிவிடும். நெம்பைத் தூக்கி அடிக்க விட்டு முள்ளோடு சேர்க்க வேண்டும். 1676-இல் எட்வர்ட் பார்லோ உருவாக்கியதாகச் சொல்லப்படும் ரேக் முறையில் இந்தத் தொல்லை இல்லை. நத்தை வடிவத் தகடு முள்ளோடு சேர்ந்தே சுற்றுவதால் எத்தனை அடிக்க வேண்டும் என்பது தானே சரியாகும்.

குண்டுக்கு ஈயமா, இரும்பா?

எட்டு நாள் மெஷினுக்குக் குண்டு ஒன்று ஐந்தரை முதல் ஆறரை கிலோ. ஈயம் சின்னதாக அடங்கும். அதே எடைக்கு வார்ப்பிரும்பு ஒன்றரை மடங்கு பருமன், ஒல்லிப் பெட்டியில் பெண்டுலத்தை உரசலாம். வீட்டில் ஈயம் உருக்காதீர்கள். அதன் நச்சு உடம்பில் சேரும், குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. செய்து விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்தி வைத்தேன், சில நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

டிக்–டாக் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லாமல் நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கிறது, அல்லது பெண்டுலத்தைத் தள்ளும் கவைக்கம்பி ஒரு பக்கமாக இருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பெட்டியை முதலில் நேராக்குங்கள். அப்புறமும் நொண்டினால் கம்பியை மிக லேசாக ஒரு பக்கம் வளைத்துக் கேளுங்கள். கண்ணைவிடக் காதை நம்புங்கள்.

நன்றாக ஓடுகிறது, ஐந்தாறு நாள் ஆனதும் நிற்கிறது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை, சுவரோடு பிணைக்காத பெட்டியின் கோளாறு. குண்டுகள் இறங்கி ஏறத்தாழ பெண்டுல வட்டின் மட்டத்துக்கு வரும்போது, தொங்கும் கயிற்றின் நீளமும் பெண்டுலத்தின் நீளமும் ஒன்றாகிவிடுகிறது. பெட்டி இம்மி ஆடினாலும் போதும், பெண்டுலத்தின் அசைவை வாங்கிக்கொண்டு குண்டுகள் தாங்களும் ஆட ஆரம்பிக்கும், பெண்டுலத்தின் வீச்சு குறைந்து நின்றுவிடும். பின்பலகை வழியாகச் சுவரில் திருகாணி போட்டு இறுக்குங்கள். மேலே கனமும் கீழே சிறிய அடியும் கொண்ட பொருள் இது, குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். அதற்காகவும் இந்தத் திருகாணி கட்டாயம் வேண்டும்.

நேரம் எவ்வளவு சரியாக இருக்கும்?

வாரத்துக்கு ஒரு நிமிஷத்துக்குள் வைத்திருந்தால் நல்ல ஓட்டம். விநாடிப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் நாளுக்குச் சுமார் 43 விநாடி மெதுவாகும். ஆகவே வட்டின் கீழுள்ள திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, முழுதாக ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மெதுவாக ஓடினால் வட்டை ஏற்றுங்கள், வேகமாக ஓடினால் இறக்குங்கள். எஃகுக் கம்பி என்றால் ஒரு டிகிரி வெப்பம் கூடுவதற்கு நாளுக்கு அரை விநாடி இழக்கும். ஆங்கிலேயக் கடிகாரக்காரர்களான ஜார்ஜ் கிரஹாம் பாதரசத்தையும் ஜான் ஹாரிசன் பித்தளை–எஃகுக் கம்பிகளையும் வைத்து 1720-களில் தீர்த்த பிரச்சினை இது. வீட்டுக் கடிகாரத்துக்கு அது தேவையில்லை.

பழையது மாதிரி தெரிய அடித்து, கீறி, கறுப்பேற்றலாமா? டயலில் பழைய கடிகாரக்காரர் பெயர் போடலாமா?

நிறத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவதில் தவறில்லை. கீறலும் புழு ஓட்டையும் போடுவது வேண்டாம், பயன்படுத்தப் பயன்படுத்தத் தானாக வரும். பெயர் கூடவே கூடாது. டாம்பியன் பெயர் போட்ட போலிகள் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே வந்தன. இன்று நீங்கள் விளையாட்டாகப் போடும் பெயர் இரண்டு கை மாறினால் மோசடியாகிவிடும். உங்கள் பெயரையும் வருஷத்தையும் டயலில் போடுங்கள், நடுக்கதவின் உள்பக்கமும் எழுதுங்கள். எந்த அசலைப் பார்த்துச் செய்தீர்கள், எந்த மரம், மெஷின் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி.

வேறு அறைக்கு மாற்ற வேண்டும். அப்படியே தூக்கலாமா?

கூடாது. முதலில் மேல்கூட்டை உருவுங்கள். குண்டுகளைக் கழற்றி இடது வலது என்று குறித்து வையுங்கள். பெண்டுலத்தைத் தொங்கவிடும் மெல்லிய வில்தகடு மடங்காமல் பார்த்துப் பெண்டுலத்தை எடுங்கள். பிறகு மெஷினை அதன் பலகையோடு தூக்குங்கள், சுவர்த் திருகாணியைக் கடைசியில் கழற்றுங்கள். புது இடத்தில் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து, ரசமட்டத்தையும் டிக்–டாக் சத்தத்தையும் மறுபடி சரிபாருங்கள். பக்கத்து அறைதானே என்று விட்டுவிட்டால் ஓடாது.